வெளிவாசல் இல்லாத வலை

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் ஏறாத இயந்திரம் கோயமுத்தூரில் எங்கே இருக்கிறது? லேத்துக்கு உண்டு, லாரிக்கு உண்டு, மாவு மில்லுக்கு உண்டு. எங்கள் சர்வர் மட்டும் என்ன பாவம் செய்தது? என் கோபமெல்லாம் பொட்டு வைப்பதற்கு முன்னால் மயில்சாமி அண்ணன் செய்த காரியத்தின் மேல்தான்.

அவர்தான் எங்கள் மையத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், கொஞ்ச நேரம் சேவை நிற்கும் என்று எல்லா வீடுகளுக்கும் முறைப்படி தகவல் அனுப்பிவிட்டு, பெட்டியை ஈரத்துணியால் துடைக்க இறங்கினார். வசதியாக இருக்கட்டும் என்று பின்பக்கத்திலிருந்த இரண்டு நீலக் கேபிள்களையும் கழற்றினார். அவற்றில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் தூசியேறிக் கறுத்துக் கிடந்தன. சாமி கும்பிடுகிற இடத்தில் அழுக்கு எதற்கு என்று உரித்துக் குப்பையில் போட்டார். பிறகு பன்னீர் தெளித்து, கேபிள்களைத் திரும்ப மாட்டி, சாமந்திச் சரம் சுற்றி, கற்பூரம் காட்டினார். கேபிள் செருகும் இரண்டு அடாப்டர்களிலும் பச்சை விளக்கு எரிந்தது. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் விடுமுறைக்குக் கிளம்பினோம்.

கேபிள்கள் இடம் மாறியிருந்தன. அது விடுமுறை முடிந்து வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுகுரல் மையம் என்பது எங்கள் நிறுவனத்தின் பெயர். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுக்கிறோம். நெற்றியில் கட்டிய பட்டை அவர்கள் சொல்ல நினைப்பதை மோப்பம் பிடித்து நெட்வொர்க் வழியாக எங்கள் சர்வருக்கு அனுப்பும். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் தனித்தனி கம்ப்யூட்டர்போல இயங்கும் ஒன்று. அது அந்த மனிதர் பேசும் விதத்தை மாதக்கணக்கில் படித்து வைத்திருக்கும். வாக்கியத்தைக் கட்டி அவருக்கே முதலில் காட்டும். அவர் கண்ணை மூடித் திறந்து ஒத்துக்கொண்டால்தான் வீட்டிலுள்ள ஸ்பீக்கர் அவருடைய பழைய குரலில் பேசும். ஒரு வாக்கியத்துக்குள் டீ ஆறிப்போகும். ஆனாலும் அது அவருடைய வாக்கியம், அதில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்.

இதுபோக ஒவ்வொருவருக்கும் ஒரு நகலும் உண்டு. முதல் சில மாதங்களில் எடுத்து வைத்தது. புதிய புரோகிராம்களை நேரே நோயாளிகள் தலையில் கட்டக் கூடாதல்லவா, அதனால் முதலில் நகலிடம் ஓட்டிப் பார்ப்போம். நகலுக்குக் கண் கிடையாது, ஒத்துக்கொள்ள ஆள் கிடையாது. கேட்டவுடன் பதில் சொல்லிவிடும். அது வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் தனியாக இரண்டாவது அடாப்டரில் போட்டு, எங்கள் சோதனை அறைக்கு மட்டும் கேபிள் இழுத்திருந்தோம். சோதனை சரியாக இருக்க வேண்டுமென்று நகல்களுக்கும் அசலுக்கு உள்ள அதே பெயர், அதே முகவரி. வீட்டிலுள்ள ஸ்பீக்கருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

விடுமுறை முடிந்த காலையில் போத்தனூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். போன சித்திரையில் இறந்துபோன அண்ணனைப் பற்றி அப்பா நேற்றெல்லாம் விசாரித்துக்கொண்டே இருந்தார் என்று அழுதாள். திரையில் பார்த்தால் அடாப்டர் அமைப்பெல்லாம் நான் போட்டபடியே இருந்தது. முதல் அடாப்டர் வீடுகளுக்கு, இரண்டாவது சோதனை அறைக்கு. திரைக்குக் கேபிள் தெரியுமா? எழுந்து போய்ப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்து, சாமந்திப்பூவை விலக்கி, ஒரு கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது சோதனை அறைச் சுவரில் போய் முடிந்தது.

மாற்றி மாட்டினேன். மயில்சாமி அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட நேரமில்லை. விடுமுறை நாட்களில் பேசியது உங்கள் ஆள் இல்லை, அவர் சொன்னதாக எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும். நானே போனை எடுத்தேன்.

கணபதி ஏரியாவில், எங்கள் நோயாளி நாச்சிமுத்து ஐயாவின் மனைவி வசந்தாமணி அம்மா என்னைப் பேசவே விடவில்லை.

"அம்முணி, நானே கூப்பிடோணும்னு இருந்தேன். நீங்க நெம்ப நாளைக்கு நல்லாருக்கோணும். பூஜையன்னிக்கு அவரு என்ன வெசயாப் பேசுனாருங்கறீங்க! தடங்கலே இல்ல. என்ற மக போன் பண்ணுனா. கொழந்தையைக் கூட்டிக்கிட்டு ஒரேடியா வந்துரட்டுமாப்பான்னு கேட்டா. இது உன்ற வீடு சாமி, வர்றதுக்கு என்னத்தைக் கேக்கறேன்னு சொல்லிப்போட்டாருங்க. நான் ஸ்பீக்கரையே கும்பிட்டுட்டேன். ஐதராபாத்துல வீட்டைக் காலி பண்ணிட்டு, வேலையும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு, இன்னிக்குச் சாயங்காலம் வந்து இறங்கறா."

நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல், நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இந்தச் செய்தியைப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியும். நாச்சிமுத்து ஐயா ஃபவுண்டரி வைத்திருந்தவர். கூட்டாளி சென்னியப்பன். கூட்டாளியின் மகனுக்கே தன் மகள் சிந்துஜாவைக் கட்டிக் கொடுத்தார். ஐயாவுக்குப் பேச்சு போனபிறகு, அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கிறவரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அந்தச் சென்னியப்பன்தான். தினமும் வருவார், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போவார். சிந்துஜா புருஷனை விட்டுக் குழந்தையோடு கிளம்பி வந்தாளோ இல்லையோ, அவர் வருவது நின்றுபோனது. ஐயா மகளிடம், என் வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னார். எங்கள் ஸ்பீக்கரில்தான் சொன்னார், கண்ணை மூடித் திறந்து ஒத்துக்கொண்டுதான் சொன்னார். அதன்பிறகு அவள் ஐதராபாத்துக்குப் போய்விட்டாள். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் போன் வரும். ஐயா பேச மாட்டார்.

நான் போனபோது வீடு முழுக்க அரிசிம்பருப்பு சாதத்தின் வாசனை. சிந்துஜாவுக்குப் பிடித்ததாம். வசந்தாமணி அம்மா என்னை ஐயாவின் அறையில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினார். அவர் இப்படி ஓடி நான் பார்த்ததேயில்லை.

ஐயா என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரின் சின்ன விளக்கு சிமிட்டியது. அது சிமிட்டினால் வாக்கியம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"நான்... சொல்லல."

"தெரியுமுங்க ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன். காலையிலயே சரி பண்ணிட்டோமே, நீங்க ஏன் அம்மாகிட்ட இன்னும் சொல்லலீங்க?"

வெகுநேரம் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"வசந்தா... சிரிச்சா."

விடுமுறை முழுக்க இந்த மனிதர் இங்கே படுத்தபடி, தன் குரல் தன்னைக் கேட்காமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பேசுவது தான் அல்ல என்று சொல்லக்கூட அவருக்கு வாய் இல்லை. இதற்கு நாங்கள் மன்னிப்புக் கேட்பதென்றால் எந்த வார்த்தையில் கேட்பது?

"அவன்... யாரு?" என்றார்.

"லைன் வீடு தெரியுமில்லீங்க? ஒரே காம்பவுண்டு, உள்ள வரிசையா வீடுங்க. எங்க சர்வர் அந்த மாதிரி. ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தரோட பேச்சு குடியிருக்கு. காம்பவுண்டுக்கு ரெண்டு கேட்டு. அதைத்தான் அடாப்டர்ங்கறோம். முன் கேட்டு ரோட்டுக்குப் போகுது, அது வழியாத்தான் நீங்க இந்த ஸ்பீக்கருக்கு வர்றீங்க. பின் கேட்டு எங்க சோதனை ரூமுக்கு மட்டும். நகலுங்க எல்லாம் அந்தப் பக்கம். பூஜைக்குத் துடைச்சப்ப ரெண்டும் மாறிப்போச்சுங்க. நீங்க ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டீங்க. அவன் ரோட்டுக்கு வந்துட்டான்."

நானும் அவன் என்றே சொல்லிவிட்டேன். அது ஆளில்லை, வெறும் ஊகம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்.

"அவன்... ஏன்... வரச் சொன்னான்?"

"அது உங்க பழைய நகலுங்க. சிந்துஜா அந்த வீட்டை விட்டு வர்றதுக்கு முன்னாடியே எடுத்தது. அந்தச் சண்டை அவனுக்குத் தெரியாது. மக வரட்டுமான்னு கேட்டா, வான்னு சொல்லிட்டான்."

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு விளக்கு சிமிட்டியது.

"அவங்கூட... நான் பேசோணும்."

விதிப்படி நகலை எந்த மனிதரோடும் இணைக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் யாரையும் கேட்காமல் அதை எல்லோர் வீட்டிலும் அவிழ்த்துவிட்டவர்கள், இவர் ஒருவரிடம் மட்டும் விதி பேசினால் அது நியாயமா? லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் போனேன். மெஷின்களை ஒன்றோடொன்று இணைக்கும் விர்ச்சுவல் சுவிட்ச் ஒன்றைப் புதிதாகப் போட்டேன். எந்தக் கேபிளோடும் அதைச் சேர்க்கவில்லை. ஐயாவின் மெஷினுக்கு இன்னோர் அடாப்டர், நகலுக்கும் ஒன்று, இரண்டையும் அந்த சுவிட்சில் கோர்த்தேன்.

"ஐயா, ரெண்டு கேட்டையும் விட்டுட்டு, நடுவுல ஒரு முற்றம் கட்டியிருக்கேன். அதுக்கு வெளிவாசலே கிடையாது. நீங்க ரெண்டு பேரும் பேசறது இந்த ஸ்பீக்கர்ல வராது. எனக்கும் கேக்காது. அவன் சொல்றது உங்க காதுல மட்டும் விழும்," என்று இயர்போனை மாட்டிவிட்டேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே இன்னொரு வேலை மிச்சமிருந்தது.

வசந்தாமணி அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலேயே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அப்ப அவரு சொல்லலீங்களா?"

"இல்லீங்கம்மா."

"பொட்டி சொல்லுச்சா?"

"ஆமாங்க. எங்க தப்புதானுங்க."

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்முணி, அன்னிக்கு அவரு வராதேன்னாரு, அவ போயிட்டா. இன்னிக்குப் பொட்டி வான்னுச்சு, வர்றா. இந்த வீட்டுல முப்பத்தஞ்சு வருசமா நானும்தான் இருக்கறேன். பொட்டியக்கூடப் பேச விட்டீங்க. நீ என்ன சொல்றேன்னு என்னை ஒருத்தரு கேட்டீங்களா?"

நான் இந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், அவரிடம் ஐயாவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவரைப் பற்றிக் கேட்டதில்லை.

"இப்பக் கேக்கறேனுங்கம்மா."

"அவ வரட்டும்," என்றார். "ஆனா அவரு மறுக்கா அந்த வார்த்தையைச் சொன்னாருன்னா, என்ற புள்ள நிக்க மாட்டா. துணிமணியத் தூக்கிக்கிட்டுப் போயிருவா. போறதுக்கு அவளுக்கு இப்ப வீடும் இல்ல, வேலையும் இல்ல."

நாங்கள் அறைக்குத் திரும்பியபோது ஐயாவின் முகம் வேர்த்துக் கொட்டியது. அசையும் பாதி முகம் கோபத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. வசந்தாமணி அம்மா பயந்துபோய் முந்தானையால் துடைக்கப் போனார். ஐயா தலையை லேசாக ஆட்டி, வேண்டாம் என்றார். லேப்டாப்பில் அந்தச் சுவிட்சின் அடையாள விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கை பரபரத்தது. கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அந்த விளக்கு நின்றது. நான் இயர்போனை எடுத்துவிட்டேன்.

"அவன்... நெம்ப... மோசமான ஆளு," என்றது ஸ்பீக்கர்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழுக்கதையும் வந்தது. எடுத்ததும் நகல் இவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறது. மக வரட்டுமே, அதுக்கென்ன. இவர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். புருஷனை விட்டுவிட்டாள், சென்னியப்பன் வருவதில்லை, தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. சொல்லி முடித்த அடுத்த நொடியே நகல், அப்படின்னா அவ என் வாசப்படியை மிதிக்கக் கூடாது என்றிருக்கிறது.

"நான் சொன்ன... அதே வார்த்தை. அதே... கொரலு. கேக்க... அசிங்கமா இருந்துச்சு அம்முணி."

"அப்பறம்?"

"சண்டை போட்டேன். அவளுக்காக... நான் பேசுனேன். ஒரு பொண்ணு... கைக்கொழந்தையோட... சும்மா வருவாளாடான்னேன். ஏன் வந்தான்னு... சொல்லுங்கறான் அவன்." விளக்கு வெகுநேரம் சிமிட்டியது. "எனக்குத் தெரியல."

"ஐயா?"

"நான்... கேக்கவே இல்லியே. சென்னியப்பன்... வரலேங்கறதுதான்... எனக்குத் தெரிஞ்சுது. அவ எதுக்கு வந்தான்னு... இன்னிக்கு வரைக்கும்... நான் கேக்கல."

வசந்தாமணி அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. அவரையும்தான் யாரும் கேட்கவில்லையே.

"அவனை... என்ன செய்வீங்க?" என்றார் ஐயா.

"அழிக்கணும்னா அழிச்சுடறேனுங்க."

"வேண்டாம். பழையபடி... ஆக்கிருங்க. இந்தக் கோவமெல்லாம்... அவனுக்கு எதுக்கு? எனக்குத்தான்... அந்த வசதி இல்ல."

நகலைக் காலையில் இருந்த நிலைக்குத் திருப்பினேன். முற்றத்தைக் கலைத்தேன், கூடுதல் அடாப்டர்களை நீக்கினேன். சண்டை போட்டது, தோற்றது, ஜெயித்தது எல்லாம் ஒரு பக்கத்துக்கு இல்லாமலே போயிற்று. இன்னொரு பக்கம் வேர்த்துப்போய்க் கட்டிலில் கிடந்தது. இதைப்போல ஒரு பாரபட்சத்தை நான் பார்த்ததில்லை.

ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. பெரிய பெட்டிகள் இரண்டு, ஒரு மூட்டை, தோளில் தூங்கும் குழந்தை. சிந்துஜா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அப்பாவின் கட்டிலுக்கு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"எவ்வளவு நல்லாப் பேசுனீங்கப்பா! நான் அழுதே போட்டேன்."

விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"போன்ல பேசுனது... நானில்ல... சாமி."

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேபிள் மாறியதையும், நகல் பேசியதையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவள் முகத்தில் இருந்தது அப்படியே வடிந்துபோனதைப் பார்த்தபோது, என் வேலையை நான் முதன்முறையாக வெறுத்தேன்.

"சரி," என்றாள். அவ்வளவுதான். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

ஸ்பீக்கரின் விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பில் ஒரு பட்டன் உண்டு. அதைத் தட்டினால் மெஷின் அவருடைய ஒப்புதலுக்குக் காத்திராமல் வாக்கியத்தைத் தானே முடித்துச் சொல்லிவிடும். ஒரு தட்டு, அவ்வளவுதான், அவள் நின்றுவிடுவாள். விரல் அதன்மேல் போய்விட்டது. எடுத்துவிட்டேன். அவருக்குப் பதிலாக எங்கள் பெட்டி பேசியது போதும்.

வசந்தாமணி அம்மா மகளின் கையைப் பிடித்தார். "சித்த நில்லு. உங்கப்பா இன்னும் பேசி முடிக்கல."

"அன்னிக்கும் இப்படித்தாம்மா நின்னேன்."

"இன்னிக்கு நான் சொல்றேன். நில்லு."

அவள் நின்றாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். ஐயாவின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

"இப்பப் பேசறது... நான். உள்ள வா."

சிந்துஜா அசையவில்லை. விளக்கு மறுபடியும் சிமிட்டியது. இந்த முறை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"அங்க... உனக்கு... என்ன ஆச்சு? அன்னிக்கு... நான் கேக்கல. இப்பச் சொல்லு."

அவள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் அசையாத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகையைத் துடைக்கவும் இல்லை.

"இதை இத்தனை நாள்ல யாருமே கேக்கலப்பா," என்றாள். "சொல்ல நெம்ப நேரம் ஆகும்."

விளக்கு சிமிட்டியது.

"எனக்கு... என்ன... அவசரம்."